எம்ஜிபி ரோட்ஸ்டரை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: தகட்டில் தொடங்கிக் கார்புரேட்டரில் முடியும் வேலை

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் இருந்த எம்ஜி தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் வெளிவந்தன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தம் கையாலேயே பழுதுபார்த்து ஓட்ட விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைப்பது அரிது. இதன் 1798 சிசி எஞ்சின் எளிமையானது; கணினியோ சென்சாரோ கிடையாது; ஏறத்தாழ எல்லா உதிரிப் பாகங்களும் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வெறும் உடற்கூடு கூட 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தால் பழைய அச்சுகளைக் கொண்டே மீண்டும் தயாரிக்கப்பட்டு வருகிறது. ஆனால் இந்த வண்டியை வாங்கும் பலர், எஞ்சினைக் கழற்றிப் பளபளப்பாக்குவதில் முதல் ஆண்டைச் செலவிட்டுவிட்டு, அதைத் தாங்க வேண்டிய தகடு துருவில் கரைந்து கிடப்பதைப் பிறகுதான் காண்கிறார்கள். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடற்கூடே சேஸிஸ். ஆகவே வேலை தகட்டில்தான் தொடங்க வேண்டும். மற்ற எதையும் அதற்கு முன்னால் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வண்டியைப் பிரிப்பதற்கு முன், அது முழுதாக நிற்கும்போதே ஒரு முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றை எடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் சில், முன் மட்கார்டின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தால், காந்தம் பிடிக்காத இடமெல்லாம் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி பூசிய இடம் என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்து, கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளியைக் கீழிருந்து மேல்வரை கூர்ந்து பார்க்க வேண்டும். அந்த இடைவெளி மேலே போகப் போகக் குறுகினால், வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. தரையில் நின்றபோது எளிதாக மூடிய கதவு இப்போது இடித்தால், சில் தன் பலத்தை இழந்துவிட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகளையும், பின் சக்கரங்களைத் தாங்கும் பட்டை வில்களின் (லீஃப் ஸ்பிரிங்) முன்முனை மாட்டப்பட்டிருக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

கருவிகளில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மில்லிமீட்டர் ஸ்பேனர்களிலேயே பழகியவர்கள் இந்த வண்டியில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இதன் நட்டுகளும் போல்ட்டுகளும் பெரும்பாலும் அங்குல அளவில், யுஎன்எஃப் எனப்படும் நுண்மரையில் அமைந்தவை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் இல்லாமல் தொடங்கினால், 50 ஆண்டுத் துருவில் இறுகிய நட்டின் முனைகள் முதல் திருகலிலேயே மழுங்கிவிடும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் பல கோணங்களில் படமெடுத்து, அதன் திருகுகளோடு பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து மூடிய பையில் போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கடியில் போகக் கூடாது.

இனி சில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு போலத் தோன்றும் இந்தப் பகுதி உண்மையில் வெளித்தகடு, நடுவில் செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு, உள்தகடு என மூன்று அடுக்குகளால் ஆன பெட்டி. அதன் கீழே, தரைத் தகட்டின் ஓரத்தில், கேசில் ரெயில் எனப்படும் இன்னொரு துண்டும் சேர்ந்திருக்கிறது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து வைத்திருக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு பெட்டிகளின் மேல்தான் விழுகிறது. முன் சக்கரம் அள்ளி வீசும் சேறு, மட்கார்டுக்கும் அதன் பின்னாலிருக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே புகுந்து, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில்லின் முன்முனையை உள்ளிருந்து அரிக்கிறது. பழுதான சில்லின் மேல் ஒரு புதிய மூடுதகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்து விற்பது நெடுங்கால வழக்கம். அப்படிச் செய்யப்பட்ட வண்டி பார்வைக்கு நன்றாகவும், விபத்தில் ஆபத்தாகவும் இருக்கும். மூன்று அடுக்கையும் வெட்டி எடுத்துப் புதிதாக வைப்பதே முறை.

அதற்கு முன் உடற்கூட்டைத் தாங்கலில் நிறுத்த வேண்டும். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களுக்கு அருகில், பலமான பகுதிகளின் கீழ், நான்கு ஸ்டாண்டுகளையும் வைத்து, ரசமட்டம் கொண்டு நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சரிபார்க்க வேண்டும். பிறகு கதவைக் கழற்றி, அதன் கீல் மாட்டியிருந்த முன்தூணிலிருந்து பூட்டு பிடிக்கும் பின்தூணுக்கு ஒரு சதுரக் குழாயைக் குறுக்கே போல்ட்டாலோ சிறு வெல்டாலோ இணைக்க வேண்டும். இந்தத் தாங்கு கம்பி இல்லாமல் பழைய சில்லை வெட்டினால், வண்டி சில மில்லிமீட்டர் மடங்கிவிடும். அந்த நிலையிலேயே புதிய சில்லை வெல்டு செய்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கதவும் அந்த இடத்தில் ஒழுங்காகப் பொருந்தாது. ஒரு பக்கத்தை முழுவதுமாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது.

முன் மட்கார்டு போல்ட்டுகளால் மாட்டப்பட்டது என்பதால், அதைக் கழற்றி வைத்துவிடலாம். பின் மட்கார்டோ வெல்டு செய்யப்பட்டது. சில்லின் பின்முனை அதற்கடியில் ஓடுவதால், மட்கார்டின் கீழ்ப்பகுதியை அளந்து வெட்டிப் பிறகு பழுதுத் துண்டு வைக்க வேண்டியிருக்கும். தொழிற்சாலை வைத்த ஸ்பாட் வெல்டுகளை அதற்கென்றே விற்கும் கட்டரால் துளைத்து, உளியால் மெல்லப் பிரிக்கும்போது, கீழிருக்கும் நல்ல தகட்டைச் சேதப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய தகட்டின் விளிம்பில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளைகளை வரிசையாகப் போட்டு, இரு தகடுகளும் சேரும் முகங்களில் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் அடித்து, கிளாம்புகளால் இறுக்கி, அந்தத் துளைகளின் வழியாக நிரப்பி வெல்டு செய்தால், அது பழைய ஸ்பாட் வெல்டின் வேலையைச் செய்யும். இந்தத் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புதான், 0.6 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் கொண்ட மிக் வெல்டரே வீட்டு வேலைக்குப் போதுமானது. ஒரே இழுப்பில் நீளமாக வெல்டு வைத்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும். இங்கொன்று அங்கொன்றாகச் சிறு சிறு வெல்டுகளை வைத்து, கைபடும் அளவுக்கு ஆறவிட்டு, பிறகு இடையிடையே நிரப்பிக்கொண்டு வர வேண்டும்.

இறுதி வெல்டுக்கு முன் செய்யும் ஒரு காரியம் பிறகு பெரும் தலைவலியைத் தவிர்க்கும். புதிய சில்லை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஒட்டிவிட்டு, தாங்கு கம்பியைக் கழற்றி, கதவையும் முன் மட்கார்டையும் தற்காலிகமாக மாட்டி, இடைவெளிகள் சீராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் இந்தக் கட்டத்தில் கிரைண்டரால் அந்தச் சில புள்ளிகளை அறுத்தால் போதும். முழுவதும் வெல்டு வைத்த பிறகு அது கைமீறிய காரியம். வெல்டு செய்யும் நாட்களில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து, பெட்ரோல் டேங்க்கையும் பெட்ரோல் குழாயையும் வண்டியிலிருந்தே அகற்றி, தீயணைப்பானை எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். துருவைத் தடுக்க வண்டியின் அடியில் பூசிய பழைய அண்டர்சீல் எளிதில் பற்றிக்கொள்ளும். வெல்டு வைக்கும் இடத்தின் இருபுறமும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டே தொடங்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் வரை அந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டும்.

பெயிண்ட் வேலையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது ஆகியவற்றைப் பொறுமையுள்ள யாரும் வீட்டில் செய்யலாம். ஆனால் இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும் டூபேக் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் தன்மையுடையது. தனிக் காற்று செலுத்தும் முகமூடியும் முறையான அறையும் இல்லாதவர் அந்தக் கட்டத்தைப் பெயிண்டரிடமே விட்டுவிட வேண்டும். வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில் வெளியே வந்தது என்பதை அறிய, கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பதிவேடுகளிலிருந்து வழங்கும் சான்றிதழ் உதவும். பெயிண்ட் உலர்ந்த பிறகு, சில்லின் உட்புறத்தில் நீண்ட குழல் வழியாக வேக்ஸை எல்லாப் பக்கமும் படும்படி அடித்து, கீழிருக்கும் நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாதவர் வைத்த புதிய சில் சில குளிர்காலங்களிலேயே மறுபடி அரிக்கத் தொடங்கும்.

அடுத்தது பிரேக். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பிரேக் ரப்பர் எதையும் நம்பக் கூடாது. மூன்று ரப்பர் குழாய்களையும், பின் டிரம்மின் வீல் சிலிண்டர்களையும், மாஸ்டர் சிலிண்டரின் சீல்களையும் புதிதாக மாற்றி, துருப்பிடித்த இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகச் செம்பு நிக்கல் கலவைக் குழாய்களைப் போட வேண்டும். முன்பக்க டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன்களில் சிறு துருக்குழி தெரிந்தாலும் அவற்றை மாற்றிவிட வேண்டும். ஆனால் காலிப்பரின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தொடக் கூடாது. தொடக்க கால எம்ஜிபிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான். ஒரு மூட்டு கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு மூட்டையும் இறுக்கிய பின் மிதியை ஒருவர் பலமாக அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றை வெளியேற்றும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும். டாட் 4 பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அது பெயிண்டின் மேல் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

முன் சஸ்பென்ஷனில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இந்த வண்டியில் லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கையே, சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் மேல்விஷ்போனாகவும் வேலை செய்கிறது. அதன் முனையிலுள்ள பின்னை உருவினால் அழுத்தத்தில் இருக்கும் சுருள்வில் விடுபட்டுவிடும். ஆகவே சுருள்வில்லின் கீழ்த்தட்டுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து நன்றாகத் தாங்கிய பிறகுதான் பின்னைக் கழற்றி, ஜாக்கியைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் ஆட்டம் கண்டிருந்தால் புதிய புஷ் போட்டு, அதை உரிய அளவுக்கு ரீமர் செய்து தரும் கடையில் கொடுத்து வாங்க வேண்டும். பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் இவை தேய்வது அபூர்வம். கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில் வலப்பக்க ஹப்பின் மரையும் இடப்பக்க ஹப்பின் மரையும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஹப்புகளை இடம்மாற்றி மாட்டினால் சக்கரம் சுழலும்போதே நடுநட்டு தளர்ந்துகொண்டு போகும்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் அது பிரிக்கப்பட வேண்டியதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பி சீரிஸ் எனப்படும் இந்த எஞ்சின் உழைப்புக்குப் பேர்போனது; 1964 இறுதிக்குப் பின் வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்டை மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. சூடான எஞ்சினில் ஓட்டத்தின்போது எண்ணெய் அழுத்தம் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையும் இருந்து, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால், கேஸ்கெட்டுகளை மாற்றிவிட்டு அப்படியே ஓட்டலாம். பிரிக்க நேர்ந்தால் சிலிண்டர் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைப் பதித்துவிட வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இது, ஈயம் பிரிட்டனின் பெட்ரோல் பங்க்குகளிலிருந்து 2000 தொடங்கியபோதே போய்விட்டது. 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுப்பதால், அதற்குத் தாங்கும் புதிய குழாய்களைப் போட்டு, இயன்றவரை எத்தனால் குறைந்த இ5 ஊற்றுவதே நல்லது. எண்ணெய் 20W-50 தரத்தில், துத்தநாகச் சேர்க்கை உள்ளதாக இருக்க வேண்டும். இல்லையெனில் கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தேயும்.

வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.015 அங்குலம். இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. எட்டு வால்வுகளை முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ள வேண்டும். எந்த வால்வு முழுதும் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை 9-இலிருந்து கழித்தால் வருவதே இப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1-ஐயும், 6 திறந்திருந்தால் 3-ஐயும் பார்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் இடையே லேசான உரசலோடு நுழைந்து வெளிவர வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுழல்வதால், இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

வால்வு இடைவெளியும் இக்னிஷன் நேரமும் சரியான பிறகே எஸ்யு நிறுவனத்தின் இரட்டைக் கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். முதலில் கார்புரேட்டரின் மேலிருக்கும் எண்ணெய்க் குழலான டேஷ்பாட்டின் மூடியைக் கழற்றி, பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். அது தடையின்றி இறங்கி, அடியிலுள்ள பாலத்தில் ‘டிக்’ என்று உலோக ஓசையோடு உட்கார்ந்தால், பெட்ரோல் வரும் துளையான ஜெட் மையமாக இருக்கிறது. மந்தமாக இறங்கினாலோ ஓசையே எழாவிட்டாலோ பிஸ்டனின் அடியிலுள்ள ஊசி ஜெட்டில் உரசுகிறது. இரண்டு கார்புரேட்டர்களிலும் ஜெட்டைப் பாலத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சரிசெய்யும் நட்டை 12 முகங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழிறக்கினால் எஞ்சின் கிளம்பும் அளவுக்குக் கலவை கிடைக்கும். சூடேறியதும், ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, காற்று உறிஞ்சும் சீறல் இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை திராட்டில் திருகுகளைத் திருப்ப வேண்டும். பிறகு கலவைக்கான சோதனை: ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மட்டும் சுமார் 0.8 மில்லிமீட்டர் உயர்த்தினால், எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. கணநேரம் லேசாக ஏறிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. நட்டை ஒரு முகம் மட்டும் திருப்பி, சிறிது காத்திருந்து, மறுபடி சோதிக்க வேண்டும். இந்த வேலையை மற்றவரிடம் கொடுக்காதீர்கள். முழு வண்டியிலும் நிறைவு தரும் ஒரு மணி நேரம் இதுதான்.

மின்சாரப் பகுதியில் வரும் கோளாறுகளுக்கு, அதன் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைப் பழிப்பது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில் பெரும்பாலானவை துருப்பிடித்த எர்த் இணைப்புகளிலிருந்தும், பச்சை பூத்த புல்லட் கனெக்டர்களிலிருந்தும்தான் வருகின்றன. அவற்றைச் சுத்தம் செய்து புதுப்பித்தாலே வண்டி ஒழுங்குக்கு வந்துவிடும். கம்பிகளின் நிறம் ஒரு மொழிபோல் சீரானது: பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது வெள்ளை, ஃபியூஸ் கடந்து வருவது பச்சை, எப்போதும் உயிரோடு இருந்து ஃபியூஸ் வழியே ஹார்னுக்குப் போவது ஊதா, எர்த் கறுப்பு. 1967 வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இதைக் கவனிக்காமல் ரேடியோவோ எலெக்ட்ரானிக் இக்னிஷனோ மாட்டினால் அது அந்தக் கணமே கருகும். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். நவீன ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எனவே எண்ணைப் பார்த்து நவீன 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் உருகுவதற்குப் பதில் வயரிங் எரியும்.

சாவியை முதன்முதலாகத் திருப்பும்போது பின்பக்கத்திலிருக்கும் எஸ்யு பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது. சாவியை அணைத்துவிட்டுக் குழாய் முழுவதையும் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சினை, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய நிலையில், எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிவிட்டே கிளப்ப வேண்டும். புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் கிளம்பியவுடன் ஐட்லிங்கில் விடாமல் 20 நிமிடம், நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் வைத்திருக்க வேண்டும்.

40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை என்று பிரிட்டன் 2018 மே மாதம் முதல் விலக்களித்திருக்கிறது. ஆயினும் வீட்டில் வெல்டு செய்த சில்லையும் புதிதாகக் கட்டிய பிரேக்கையும் வேறொருவர் கண் பார்ப்பது நல்லது. தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகும்படி வலியுறுத்துகிறேன். முதல் 500 மைல் வரை மிதமான வேகத்தில் ஓட்டி, பிறகு எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி முறைப்படி டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, அதனால் மாறியிருக்கும் வால்வு இடைவெளியை அளந்து, பின் பட்டை வில்களின் யு போல்ட்டுகளையும் ஸ்டியரிங் மூட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட வேண்டும்.